குமிழி ஓடுகிறது

சேலம், அஸ்தம்பட்டி
ஜூலை 4

அன்புள்ள பிரியாவுக்கு,

அண்ணி எழுதுவது. தையல் எப்படி இருக்கிறது, பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா, சாப்பாடு இறங்குகிறதா என்று எதையும் விடாமல் எழுது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நகங்களை ஒட்ட வெட்டினேன். பிறகு வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். வெறுங்கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உன் மகன் இருக்கும் அறைக்குள் விடுவார்கள். இவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, "என்ன, குஸ்திக்குக் கெளம்பீட்டயா?" என்றார். கல்லூரி நூலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டேன். என் தம்பி ஜீவா போர் போடும் ரிக் வண்டிக்குத் திரும்பிப் போகும்வரை அவனே பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். இனி நான்.

நாமக்கல்லில் நீ மயக்கத்தில் இருந்தபோதே பிள்ளையை ஆம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். நீ இன்னும் அவனைப் பார்க்கவில்லை. அதனால் நான் பார்ப்பதை எழுதுகிறேன். என் உள்ளங்கையில் அவன் தலை அடங்கிவிடும். காது இன்னும் மடங்கி ஒட்டியிருக்கிறது. விரல்கள் மட்டும் அப்படியே ஜீவாவுடையவை. ஏழாம் மாதக் கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். விருந்தாளி முந்திக்கொண்டார்.

மிஷின் என்றதும் நீ என்ன நினைத்துப் பயப்படுகிறாய் என்று தெரியும். இது வேறு. மூச்சுக்கென்று தொண்டைக்குள் குழாய் இல்லை. மூக்குத் துவாரங்களில் மெத்தென்ற இரண்டு சின்ன முனைகள், அவ்வளவுதான். அவற்றின் வழியே காற்று ஒரே அழுத்தத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மூச்சை அவன்தான் இழுக்கிறான், அவன்தான் விடுகிறான். விட்டதும் அவன் நுரையீரல் நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் காற்று தாங்கிக்கொள்கிறது. இன்னொரு குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கிறது. அதில் குளுகுளுவென்று குமிழி வந்துகொண்டே இருக்கும். குமிழி ஓடினால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

போன் அடித்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றாய். சரி, கெட்ட செய்திக்கு மட்டும் போன். மற்றதெல்லாம் கடிதம். உங்கள் கொடிக்கால் வெற்றிலையை தினமும் சேலத்துக்குக் கொண்டுவரும் குமரன்தான் உன் பாலையும் ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறார். அவர் திரும்பும்போது அதே பெட்டியில் கடிதம் வைத்து அனுப்புகிறேன். இவனைப் பற்றி 'நலம்' என்று எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடிதத்தின் தலையில் ஒரே வரி எழுதுவேன். குமிழி ஓடுகிறது.

உன் அண்ணி,
சாரதாமணி


பரமத்தி வேலூர்
ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? விடுப்புப் போட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் கஷ்டப்படுகிறீர்கள். என்னால் எல்லோருக்கும் சிரமம்.

தையலில் ஒரு ஓரம் பிரிந்து சீழ் வைத்திருக்கிறது. தினமும் நர்ஸ் வந்து கட்டுப் போடுகிறார். கால் வீக்கம் குறைந்துவிட்டது.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு அத்தாயி அக்கா நேற்று வந்து, "மிஷின்ல வெச்சாலே அவ்வளவுதானுங்க, நாள எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் உள்ளே படுத்திருப்பது தெரிந்தே சொன்னார். அம்மா, "வாயக் கழுவிட்டு வா போ" என்று சண்டைக்குப் போய்விட்டார். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூச்சை அவன்தான் விடுகிறான் என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்கா படி" என்றார்.

அவன் அழுகிறானா அண்ணி? என்ன சத்தம் வரும்?

அன்புடன்,
சண்முகப்பிரியா


சேலம்
ஜூலை 13

குமிழி ஓடுகிறது.

அன்புள்ள பிரியா,

காயம் ஆறிவருகிறது என்று குமரன் சொன்னார். மகிழ்ச்சி. முட்டையைத் தள்ளாதே.

அவன் அழுகிறான். பூனைக்குட்டி கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது மாதிரி ஒரு சத்தம்.

மூன்று நாளாக அவனை என் நெஞ்சில் போட்டு வைக்கிறார்கள். துணி எதுவும் நடுவில் இல்லாமல், தோலோடு தோல். மேலே ஒரு துணியால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மூக்கில் அந்த முனைகள், தலையில் கம்பளித் தொப்பி, பக்கத்தில் குமிழிப் பாட்டில், எல்லாம் கூடவே வரும். தாய் வர முடியாதபோது வீட்டில் வேறு யாராவது செய்யலாமாம். எனக்குப் பால் இல்லை, பெற்ற உடம்பும் இல்லை என்று தயங்கினேன். "சூடு இருந்தாப் போதுங்க, அது எல்லாருக்கும் இருக்குது" என்றார் சௌந்திரம் சிஸ்டர். திருச்செங்கோட்டுக்காரர். பிள்ளைகளையும் டாக்டரையும் ஒரே மாதிரி 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் அவன் என் மேல் படுத்த சிறிது நேரத்தில் குமிழி நின்றுவிட்டது. "சிஸ்டர், சிஸ்டர்" என்று கத்தினேன். அவர் நிதானமாக வந்து குனிந்து பார்த்து, அவன் தாடையை ஒரு விரலால் தூக்கி வாயை மூடினார். குமிழி மறுபடி ஓடியது.

"வாய மூடுங்க சாமி, காத்தெல்லாம் வெளிய போகுது பாருங்க." பிறகு என்னிடம், "பயந்துட்டீங்களா? அவரு கொட்டாவி விட்டாருங்க."

ஜீவா ரிக் வண்டிக்குப் போகும் முன் இந்தப் பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, நாங்க ஆயிரம் அடிக்குக் கம்ப்ரசர்ல காத்து அடிக்கறோம். இதுக்கு எத்தன?" என்று கேட்டான். சௌந்திரம் விரலிடுக்கில் அளவு காட்டினார். குழாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போகிறதோ அதுதான் அழுத்தம். அவன் வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். இதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

காயம் ஆறியதும் டாக்டர் எப்போது பயணம் செய்யலாம் என்கிறார்?

உன் அண்ணி,
சாரதாமணி


பரமத்தி வேலூர்
ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அப்பா அம்மா சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அவ்வளவு நேரம் நாற்காலியில் சாய்ந்தே இருந்தால் பிடித்துக்கொள்ளுமே.

பால் இப்போது நன்றாக வருகிறது. காலையில் குமரனின் வண்டிச் சத்தம் கேட்டாலே தானாகச் சுரக்கிறது. அவன் அழுகையைக் கேட்டுச் சுரக்க வேண்டியது, எனக்கு வெற்றிலை வண்டியைக் கேட்டுச் சுரக்கிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நேற்று ஒரு டம்ளர் தண்ணீரில் இளநீர் குடிக்கும் குழாயைப் போட்டு ஊதிப் பார்த்தேன். அவன் கேட்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். மெதுவாக ஊதினால் குளுகுளு என்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "பெத்தவளே கொழந்தையாட்டம் வெளையாடறா பாரு" என்று திட்டினார். அப்புறம் அவரே வாங்கி ஒரு தடவை ஊதினார்.

அவன் உங்கள் நெஞ்சில் தூங்கும்போது கண்ணைத் திறந்து உங்களைப் பார்ப்பானா?

அன்புடன்,
சண்முகப்பிரியா


சேலம்
ஜூலை 26

குமிழி நின்றுவிட்டது. இனிக் குமிழி இல்லை!

பிரியா, இன்று காலை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து, "சரி, தானா இருக்கட்டும் பாப்போம்" என்றார். சௌந்திரம் மூக்கிலிருந்து அந்த முனைகளை எடுத்தார். முதல் முறையாக உன் மகனின் மூக்கு முழுசாகத் தெரிந்தது. உன் மூக்கு. முனை உரசிய இடத்தில் சிவந்திருக்கிறது, ஆறிவிடும். அறை திடீரென்று அமைதியாகி, அந்த அமைதியில் அவன் தும்மினான்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். குமரன் வண்டியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். கடிதத்தைப் பிரிக்கும் முன்பே உனக்குச் செய்தி தெரிந்துவிடட்டும்.

அண்ணி


பரமத்தி வேலூர்
ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமா? நான்கைந்து நாளாக நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. பால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அதுவும் ஏன் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அன்று குமரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க, மிஷின எடுத்துட்டாங்களாமாங்க" என்றார். அவர் சிரித்த முகத்தோடுதான் சொல்லியிருக்கிறார். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. மிஷினை எடுத்துவிட்டார்கள் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அம்மா "எஞ்சாமீ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தாயி அக்கா ஓடி வந்தார். அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். நான் கடிதத்தை எடுத்தேன். முதல் வரியைப் படித்தேன். இனிக் குமிழி இல்லை. அதற்கு மேல் படிக்கவில்லை.

சாயங்காலம் உண்மை தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா குமரனுக்கு வடையும் பாயசமும் கொடுத்து, அதோடு நாலு திட்டும் கொடுத்தார்.

அண்ணி, இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உங்கள் சூடுதான் தெரியும், உங்கள் நெஞ்சுச் சத்தம்தான் தெரியும். எனக்குத் தூக்கவும் தெரியாது, அவன் மூச்சு நின்றால் பார்க்கவும் தெரியாது. உங்களுக்கும் பிள்ளை இல்லை. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பால் எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சண்முகப்பிரியா


சேலம்
ஆகஸ்ட் 3

குமிழி மறுபடி ஓடுகிறது.

அன்புள்ள பிரியா,

தலைவரியைப் பார்த்துப் பதறாதே. மிஷினை எடுத்த மூன்றாம் நாள் அவன் களைத்துப் போனான். மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிந்தது. மறுபடி மூக்கில் முனைகளை வைத்துவிட்டார்கள். இப்படி நிறையப் பிள்ளைகளுக்கு ஆகுமாம், இன்னும் கொஞ்ச நாள் துணை கேட்கிறான் என்கிறார் டாக்டர். இப்போது நிறம் நன்றாக இருக்கிறது, எடை ஏறுகிறது. இது போனில் சொல்ல வேண்டிய செய்தியா, எழுத வேண்டிய செய்தியா என்று தெரியாமல் இரண்டையும் செய்யாமல் இருந்துவிட்டேன். நாம் போட்டுக்கொண்ட ஏற்பாட்டில் நடுவில் நிற்கும் செய்திக்கு இடமே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் வந்தது. பழைய புடவையில் எத்தனை தொட்டில் துணி கிழிக்கலாம் என்றுகூட ஒரு கணக்கு ஓடியது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தேன்.

இன்று காலை சௌந்திரம் சிஸ்டரிடம் பேச்சுவாக்கில் குமரன் செய்தியைச் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் ஒரு புள்ள கண்ணாடிக்கு வெளிய நின்னுச்சுங்க. நீங்க அவர நெஞ்சுல போட்டுட்டு அசந்து கண்ண மூடியிருந்தீங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். வேண்டாம்னு கைய ஆட்டுச்சு. முந்தானையெல்லாம் பால் நனஞ்சிருந்துச்சு. யாரு பெத்ததுக்கு வந்துச்சோன்னு நெனச்சேன், திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

பிரியா, சாயங்காலம் உண்மை தெரிந்தது என்று எழுதியிருந்தாய். எப்படித் தெரிந்தது என்று எழுதவில்லை.

நீ பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளை வேறொருத்தி நெஞ்சில் தூங்குவதைப் பார்த்தாய். நீ பார்க்காததை நான் சொல்கிறேன். நீ கொடுத்தனுப்பும் பால் வந்ததும், நூல் மாதிரிக் குழாயில் அது வயிற்றுக்கு இறங்கும் முன்பு, சௌந்திரம் ஒரு சொட்டை அவன் உதட்டில் தடவுவார். அப்போது அவன் காட்டும் முகத்தை என் நெஞ்சில் ஒரு நாளும் காட்டியதில்லை. நாக்கை நீட்டித் தேடுவான். அவனுக்கு உன்னைத் தெரியும். என்னிடம் இருப்பது சூடு மட்டும்தான், அதை நான் உனக்குக் காத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ வா. என் நாற்காலியில் நீ உட்கார்.

உன் அண்ணி,
சாரதாமணி


பரமத்தி வேலூர்
ஆகஸ்ட் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட நிதானம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியது நிஜம். அம்மா அழுதுகொண்டிருந்தபோது பின்கதவு வழியாகப் போய்ப் பஸ் ஏறினேன். பயணம் போகலாம் என்று டாக்டர் சொல்லி அப்போதே ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவனைத் தொட எனக்குப் பயமாக இருந்தது அண்ணி. என் உடம்புதான் அவனைப் பாதியில் வெளியே தள்ளியது, மறுபடி என் கையில் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம். போய்விட்டான் என்று நினைத்ததும் அந்தப் பயம் போய்விட்டது. முகத்தையாவது பார்ப்போம் என்று வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு ஏறி இறங்கியது. பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. உங்கள் கடிதத்தின் மீதியைத் திரும்பும் பஸ்ஸில்தான் படித்தேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருந்தது. நான் வீட்டில் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வளையலைக் கழற்றினதற்கு அம்மா சத்தம் போட்டார். அண்ணி சொன்னாங்க என்றதும் அவரே ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

நாளைக் காலை பால் பெட்டி வராது. வெற்றிலைக் கூடைகளோடு நானே வாரேன்.

சண்முகப்பிரியா


பரமத்தி வேலூர்
நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இங்கு நான், அவர், அப்பா, அம்மா, உங்கள் தர்ஷன் அனைவரும் நலம். இந்த வார்த்தையை அவனைச் சேர்த்து எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், இருந்தாலும் போனில் யாரும் 'அனைவரும் நலம்' என்று சொல்வதில்லையே.

குறைமாதப் பிள்ளை என்பதால் முந்தாநாள் நாமக்கல்லில் கண் டாக்டரிடம் காட்டினோம். கண் நன்றாக இருக்கிறது, இனி பயம் இல்லை என்றார். எடை அத்தாயி அக்காவே கண்வைக்கும் அளவுக்கு ஏறியிருக்கிறது. "மிஷின்ல இருந்த புள்ளையாங்க இது?" என்று கேட்டார். அம்மா, "நாள எண்ணச் சொன்னீங்களே, எண்ணிக்கிட்டே இருக்கறமுங்க" என்றார்.

ஜீவா தீபாவளிக்கு வந்தவர் இன்னும் கிளம்பவில்லை. பிள்ளை தூங்கினால் பக்கத்தில் படுத்து மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நேற்று டம்ளரில் குழாயைப் போட்டு ஊதிக் காட்டினார். தர்ஷன் அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினான். பழைய நண்பன் குரலைக் கேட்ட மாதிரி.

நான் உங்கள் நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தேன். நீங்கள் உங்கள் நெஞ்சிலிருந்து அவனை எடுத்து என் நெஞ்சில் வைத்துவிட்டு உடனே வெளியே போய்விட்டீர்கள். ரொம்ப நேரம் வரவில்லை. எங்கே போனீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

தை பிறந்ததும் வாருங்கள். அத்தை மடி வேண்டும் என்று ஒருத்தன் காலை உதைக்கிறான்.

அன்புடன்,
பிரியா


சேலம்
நவம்பர் 24

அன்புள்ள பிரியாவுக்கும் ஜீவாவுக்கும் தர்ஷனுக்கும்,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ எழுதிய அந்த ஒரு வார்த்தையை இவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார்.

நான் அன்று எங்கேயும் போகவில்லை. கீழே கேன்டீனில் ஒரு டீ வாங்கி, அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் அவன் படுத்திருந்த இடம் சில்லிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

நேற்று சௌந்திரம் போன் செய்தார், தர்ஷன் எப்படி இருக்கிறார் என்று கேட்க. பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். தர்ஷன் இருந்த இடத்தில் இப்போது ஓமலூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது. தர்ஷனைவிடச் சின்னது. தாய் வேறொரு ஆஸ்பத்திரியில், தேறி வருகிறாளாம், ஆனால் எழுந்து வர நாளாகும். தகப்பன் இங்கே ஒரு வேளை, அங்கே ஒரு வேளை என்று ஓடுகிறான். இங்கே வந்து உட்கார வேறு யாரும் இல்லை. "குமிழி நல்லா ஓடுதுங்க. நெஞ்சுல போட்டுக்கத்தான் ஆளு இல்ல" என்றார். வா என்று அவர் கூப்பிடவில்லை. போனை வைத்துவிட்டேன்.

தகப்பன் சம்மதிக்க வேண்டும், டாக்டர் சம்மதிக்க வேண்டும், நூலகத்தில் மறுபடி விடுப்புக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. பெற்றவள் வந்து நிற்கும் நாளில் மறுபடி எழுந்து கொடுக்க வேண்டும், கீழே போய் டீ வாங்க வேண்டும். எல்லாம் யோசித்துவிட்டேன்.

குமரன் மத்தியானம் திரும்புவார். நீ இதைப் படிக்கும்போது நான் போய்க் கேட்டு முடித்திருப்பேன். இந்த நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது. இவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். வளையல்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அவர் இன்னும் என் கையைப் பார்க்கவில்லை.

உன் அண்ணி,
சாரதாமணி